கல் விழுந்ததும் கல் எறிந்ததும்: வெளியூர்க் கால்பந்தாட்ட நினைவுரைகளில் வினைமுதல்

1. முன்னுரை

கால்பந்தாட்ட இரசிகர்கள் தம் இளமையில் வெளியூர் சென்று கண்ட ஆட்டங்களைப் பற்றிப் பேசும்போது, ஆட்டத்தைக் காட்டிலும் ஆட்டத்தைச் சுற்றி நிகழ்ந்தவற்றையே மிகுதியாகச் சொல்வது வழக்கம். இரயிலில் இடம்பிடித்தது, நுழைவாயிலில் நெருக்கியடித்தது, நடுவரின் தீர்ப்பை எதிர்த்துக் கூச்சலிட்டது, கல் பறந்தது, காவலர் தடியோடு ஓடிவந்தது, செருப்பை விட்டுவிட்டு ஓடியது என நினைவுகள் வரிசையாக வரும். கேட்போர் சிரிப்பர், சொல்வோரும் சிரிப்பர். ஆயின் அதே நிகழ்ச்சியில் ஒருவர் கண்ணை இழந்திருக்கலாம். ஒருவர் உயிரையே இழந்திருக்கலாம். சிரிப்புக்கும் இழப்புக்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் ஒரு வினைமுற்றே. ‘கல் விழுந்தது’ என்பதா, ‘கல் எறிந்தோம்’ என்பதா?

இத்தகைய நினைவுரைகளில் வினைமுதல், அதாவது செயலைச் செய்தவர், எவ்வாறு வெளிப்படுகிறார், எவ்வாறு மறைகிறார் என்பதைத் தமிழ் இலக்கணக் கூறுகளின் வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். வாய்மொழி வரலாறு, செய்தி, நீதிமன்ற வாக்குமூலம் ஆகியவற்றை மொழிபெயர்ப்போர்க்கு இவ்விளக்கம் பயன்படும் என்பது எதிர்பார்ப்பு. எடுத்துக்காட்டாக வரும் தமிழ், மலையாள வாக்கியங்கள் வழக்கின் அமைப்பைக் காட்டும் பொருட்டு அமைக்கப்பட்டவை. தனி ஒருவரின் கூற்றுகள் அல்ல.

2. வலியசாலையின் மொழிச்சூழல்

இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகத் திருவனந்தபுரத்து வலியசாலையைக் கொள்ளலாம். கரமனை, கோட்டைப் பகுதிகளைப் போலவே இங்கும் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. வீட்டு மொழி தமிழ். தெருவின் மொழியும் பள்ளியின் மொழியும் பெரும்பாலும் மலையாளம். நகரின் கால்பந்தாட்டப் பண்பாடும் மலையாள வழியே வந்தது. சந்திரசேகரன் நாயர் அரங்கம், டைட்டானியம் தொழிற்சாலை அணி, 1990, 1991ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்துக் கூட்டமைப்புக் கோப்பையை வென்ற கேரளக் காவல்துறை அணி ஆகியவை பற்றிய பேச்சு முதலில் மலையாளத்தில் நிகழ்ந்து, பின்னர் வீட்டுத் திண்ணையில் தமிழாகிறது. 1986, 1991ஆம் ஆண்டுகளில் நேரு கோப்பைப் போட்டிகள் இந்நகரில் நடைபெற்றன. 1973இல் எர்ணாகுளத்தில் இரயில்வே அணியை 3-2 என வென்று கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. 1992இல் கோயம்புத்தூரில் கோவாவை 3-0 என வென்று மீண்டும் பெற்றது. இவை யாவும் இருமொழியாளரின் நினைவில் ஒரு மொழியில் பதிந்து மறுமொழியில் சொல்லப்படுபவை. எனவே, ஏட்டு மொழிபெயர்ப்புக்கு முன்பே நாவளவில் ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்ந்துவிடுகிறது.

இவ்விரு மொழிகளுக்கும் இடையே நம் பொருளுக்கு இன்றியமையாத வேறுபாடு ஒன்று உண்டு. மலையாள வினைமுற்று இடத்தையும் பாலையும் எண்ணையும் காட்டுவதில்லை. ஏ. ஆர். இராசராச வர்மா தம் கேரளபாணினீயத்தில் தமிழினின்று மலையாளம் வேறுபட்ட நெறிகளை வகுத்தபோது, இம்மாற்றத்தைப் ‘புருஷபேத நிராசம்’ என்னும் பெயரால் ஒரு தனி நெறியாகவே கொண்டார். ‘கேற்று பொளிச்சு’ என்று ஒருவர் மலையாளத்தில் சொன்னால், உடைத்தவர் தாமா, நண்பரா, எதிரணியினரா, காவலரா என்பது வினையில் இல்லை, சூழலில்தான் உண்டு. தமிழில் சொல்ல முற்படும் அந்த நொடியிலேயே ‘உடைத்தேன், உடைத்தோம், உடைத்தான், உடைத்தார்கள்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மலையாளத்தில் பேசாதிருக்க முடிந்த ஒன்றைத் தமிழ் இலக்கணம் பேசச் சொல்கிறது. இக்கட்டாயத்தினின்று விடுபடத் தமிழ் தரும் வழிகளே நினைவுரையின் நடையை உருவாக்குகின்றன.

3. இயங்குவினையும் இயக்குவினையும்

முதல் வழி வினையிணைகளில் உள்ளது. உடைந்தது–உடைத்தான், உருண்டது–உருட்டினான், ஓடினர்–ஓட்டினர், கலைந்தனர்–கலைத்தனர் என்னும் இணைகள் தமிழில் எண்ணிறந்தவை. இவற்றைக் கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை என்று வேறுபடுத்தி விளக்கினார். பொருள் தானே அடையும் மாற்றத்தை முன்னது கூறுகிறது. அம்மாற்றத்தை விளைவிக்கும் செயலைப் பின்னது கூறுகிறது. ‘நாற்காலி உடைந்தது’ என்ற வாக்கியத்தில் வினைமுதலுக்கு இடமே இல்லை. அது மறைக்கப்பட்டதும் அன்று, இலக்கணத்தால் வேண்டப்படாதது.

இங்கே செயப்பாட்டு வினையின் நிலை வேறாகும். ‘நாற்காலி உடைக்கப்பட்டது’ என்னும்போது உடைத்தவர் பெயர் இல்லை; ஆயினும் உடைத்தவர் ஒருவர் உண்டு என்பது வினையிலேயே அடங்கியுள்ளது. ‘யாரால்?’ என்ற கேள்வி அங்கே இயல்பாக எழும். ‘நாற்காலி உடைந்தது’ என்பதற்குப் பின் எழும் கேள்வி ‘எப்படி?’ என்பதே. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் மொழிபெயர்ப்பு, சாட்சியத்தின் அளவையே மாற்றிவிடும்.

செயப்படுபொருளையே வினை செய்ததாகக் கூறும் வழக்கு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் வினையியலில் இதனை வழக்கின்பாற்பட்ட மரபாக ஏற்றுக்கொண்டுள்ளார். திண்ணையை ஒருவர் மெழுகியிருக்கத் திண்ணையே மெழுகியதாகச் சொல்வது போன்றவற்றை உரையாசிரியர்கள் காட்டுவர். மெழுகியவர் யார் என்பது அங்குப் பொருட்டன்று. எளிதில் முடிந்தது என்பதே கருத்து. கலவர நினைவில் இதே மரபு வேறொரு பணியைச் செய்கிறது. செய்தவர் பொருட்டல்லாதவர் என்பதால் அன்று, பொருட்டானவர் என்பதாலேயே அவர் வினையினின்று விலக்கப்படுகிறார்.

‘திற’ என்னும் வினை தனியே கருதத்தக்கது. உடை என்பதைப் போல இதற்கு வேறான இயக்குவினை வடிவம் இல்லை. ‘கதவு திறந்தது’, ‘கதவைத் திறந்தார்’ ஆகிய இரண்டிலும் வினையடியும் காலம் காட்டும் இடைநிலையும் ஒன்றே. இரண்டாம் வேற்றுமை உருபும் வினைமுற்று விகுதியுமே பொருளைப் பிரிக்கின்றன. ‘கதவு திறந்துகொண்டது’ என்று துணைவினை சேருமானால், யாரும் திறவாமல் தானே திறந்தது என்ற பொருள் உறுதிப்படுகிறது. இவ்வளவு சிறிய வேறுபாடு எத்துணைப் பெரிய விளைவைத் தரும் என்பது ஏழாம் பகுதியில் விளங்கும்.

உடலுறுப்பையும் உணர்ச்சியையும் எழுவாயாக்குவது இவ்வழியின் ஒரு கிளை. ‘கை நீண்டுவிட்டது’, ‘கை மீறிப் போய்விட்டது’, ‘எங்களுக்கு வெறி வந்துவிட்டது’ என்பன நினைவுரைகளுக்கு இயல்பான தொடர்கள். ‘வெறி வந்தது’ என்பதில் எழுவாய் வெறி. மனிதர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். செய்தவராக அல்லாமல் ஏதோ ஒன்று வந்து சேர்ந்தவராக அவர் காட்சி தருகிறார்.

4. நாங்களும் நாமும்

இரண்டாவது வழி தன்மைப் பன்மை. கேட்போரை உள்ளடக்கும் ‘நாம்’, கேட்போரை நீக்கும் ‘நாங்கள்’ என்ற வேறுபாடு தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. ஆங்கிலத்தில் இல்லை. ஆனால் இன்றைய தமிழில் இவ்வேறுபாடு பெயரில் மட்டுமே நிற்கிறது. வினை விகுதியில் இல்லை. நன்னூலார் காலத்து இலக்கணத்தில் அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரை உளப்படுத்தின. எம், ஏம், ஓம் விகுதிகள் படர்க்கையாரை உளப்படுத்தின. இன்று ‘ஓம்’ ஒன்றே இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. ‘எறிந்தோம்’ என்று எழுவாயின்றிச் சொன்னால், அக்கூட்டத்தில் கேட்பவரும் இருந்தாரா என்பது தெளிவாவதில்லை.

பழைய நண்பர்கள் தமக்குள் பேசும்போது ‘நாம்’ வரும். அது தோழமையின் அடையாளம். பேரனிடம் சொல்லும்போது ‘நாங்கள்’ வரும். அது தலைமுறையின் எல்லை. வெளியாள் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் அமர்ந்தால் ‘பசங்க எல்லாரும்’ என்று படர்க்கைக்கு மாறுவதும் உண்டு. ஒரே நிகழ்ச்சி, ஒரே சொல்பவர். மாறியவர் கேட்பவர் மட்டுமே. எனவே கேட்டவர் யார் என்ற குறிப்பில்லாத பெயர்ப்பில் இம்மாற்றங்கள் வெறும் தடுமாற்றமாகத் தோன்றும்.

வலியசாலைத் தமிழர்க்கு இதில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. 2014 டிசம்பர் 16 அன்று சென்னையில் நடைபெற்ற இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கொச்சியில் 3-0 என வென்றிருந்த கேரள பிளாஸ்டர்ஸ் அணி, சென்னையில் 1-3 எனத் தோற்றும், கூடுதல் நேரத்தில் அடித்த ஒரு கோலால் மொத்தக் கணக்கில் 4-3 என முன்னேறியது. கேரள அணியை ஆதரித்த தமிழ் பேசுபவர் ஒருவர் இதனைச் சென்னை உறவினரிடம் சொல்வதாகக் கொள்வோம். ‘நாம் செயித்தோம்’ என்று சொல்ல இயலாது. ‘நாங்கள்’ என்றே சொல்ல வேண்டும். மொழியால் ஒன்றானவர்கள் பிரதிப்பெயரால் பிரிகின்றனர். அவருக்குச் சென்னை ‘வெளியூர்த் திடல்’. ஆனால் அத்திடலில் கேட்கும் வசைமொழி முழுவதும் அவர் வீட்டு மொழி. ‘வெளியூர்’ என்ற சொல் இடத்தை மட்டும் குறிக்கிறது. யாருடைய இடம் என்பதைக் குறிப்பதில்லை. ஆங்கிலத்தில் அணியை நோக்கிச் சொல்லப்படும் கருத்தைத் தமிழில் ஊரை நோக்கிச் சொல்கிறோம். ஒரே நகரத்தின் இரு கழகங்களாகிய மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கொல்கத்தாவில் மோதும்போது ‘வெளியூர் ஆட்டம்’ என்ற தொடர் பொருந்தாது போவதற்கு இதுவே காரணம். அங்கு ‘எதிரணியின் ஆட்டம்’ என்று விரித்துரைப்பதே தகும்.

இப்பன்மைக்குச் சட்ட விளைவும் உண்டு. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ சட்டவிரோத நோக்குடன் கூடி, அந்நோக்கம் கருதி ஒருவர் குற்றம் செய்தால், அவருடன் கூடியிருந்த ஒவ்வொருவரும் அக்குற்றத்துக்குப் பொறுப்பாவர் என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 149ஆம் பிரிவாக இருந்தது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதையில் அது 190ஆம் பிரிவாக உள்ளது. ‘எறிந்தோம்’ என்ற ஒரு விகுதி பெருமிதமாகவும் இருக்கலாம், கூட்டுப் பொறுப்பின் ஒப்புதலாகவும் படிக்கப்படலாம். எறிந்தவர்களோடு நின்றிருந்ததை மட்டுமே அவர் குறித்திருக்கவும் கூடும். ஊர்ப்பெயரால், அணிப்பெயரால் ‘நாங்கள்’ என்று பேசுவோர், தாம் செய்யாததையும் தம் கூட்டத்தின் செயலாகச் சொல்வது இயல்பு. ஆட்டக்காரர் அடித்த கோலையே ‘நாங்கள் கோல் அடித்தோம்’ என்று சொல்லும் இரசிகர், வேறொருவர் எறிந்த கல்லையும் ‘எறிந்தோம்’ என்று சொல்வதில் வியப்பில்லை.

5. கேட்டதும் கண்டதும்

மூன்றாவது வழி ‘ஆம்’ என்னும் இடைச்சொல். ‘எறிந்தார்கள்’ என்பது சொல்பவரின் கூற்று. ‘எறிந்தார்களாம்’ என்பது பிறர் சொல்லக் கேட்ட கூற்று. மலையாளத்தில் ‘அத்ரே’ ஏறத்தாழ இப்பணியைச் செய்கிறது. கும்பலில் நின்ற ஒருவர் உண்மையில் காணக்கூடியது மிகச் சிறிது. முன்னால் நிற்பவரின் முதுகே பெரும்பாலும் அவர் கண்ட காட்சி. எஞ்சியவை இரயிலில் திரும்பும்போது கேட்டவை. நல்ல கதைசொல்லி இரண்டையும் ‘ஆம்’ கொண்டு பிரித்தே தொடங்குகிறார். பன்முறை சொல்லச் சொல்ல அந்த இடைச்சொல் தேய்ந்துபோகிறது, கேட்டது கண்டதாகிறது. பதிவில் எங்கெங்கு ‘ஆம்’ நிற்கிறது, எங்கு அது உதிர்ந்தது என்பதைக் காத்துத் தருவது பெயர்ப்பாளரின் கடமை. ‘குற்றம் சாட்டப்படுகிறது’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சட்டச் சொல்லால் இதனைப் பெயர்ப்பது பொருந்தாது. ‘ஆம்’ குற்றம் சாட்டுவதில்லை. ‘நான் பார்க்கவில்லை’ என்று மட்டுமே சொல்கிறது.

ஈண்டு ஒரு சொல்லாட்சியும் நோக்கத்தக்கது. வானொலியில் ஆட்டத்தை உடனுக்குடன் சொல்வதைத் தமிழில் ‘நேர்முக வருணனை’ என்கிறோம். மலையாளத்தில் ‘த்ருக்சாக்ஷி விவரணம்’, அதாவது கண்ட சாட்சியின் விவரிப்பு, என்பர். வானொலியில் கேட்ட ஆட்டத்தை நேரில் கண்டதாகவே நினைவிற் கொண்டிருப்போர் பலர். அவர்கள் பொய் சொல்வதில்லை. சாட்சியின் குரலை ஆண்டுக்கணக்கில் தம் குரலாக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

துணைவினைகளும் சொல்பவரின் மனநிலையைக் காட்டுவன என்பதை இ. அண்ணாமலை முதலியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ‘உடைத்தோம்’ என்பது நிகழ்ச்சி. ‘உடைத்துவிட்டோம்’ என்பதில் மீளாமை உண்டு, வருத்தமும் தொனிக்கலாம். ‘உடைத்துப்போட்டோம்’ என்பதில் அலட்சியம் கலந்த பெருமை உண்டு. ‘அடித்துத் தள்ளினோம்’ என்பதில் மிகுதி உண்டு. ‘அடித்துக்கொண்டார்கள்’ என்பது தனிக் கவனத்துக்கு உரியது. ‘கொள்’ இங்குப் பரிமாற்றப் பொருளைத் தருகிறது: இரு தரப்பும் அடித்தன, இரு தரப்பும் பட்டன. ஒரு தரப்பு துரத்த மறுதரப்பு ஓடிய நிகழ்ச்சியையும் இத்துணைவினை சமன்செய்து காட்டிவிடும். ‘இரசிகர்கள் மோதிக்கொண்டனர்’ என்ற செய்தித்தாள் வாக்கியம் நடுநிலை போலத் தோன்றினும், பழியைச் சரிபாதியாகப் பங்கிட்டுவிடுகிறது. நடுநிலைக்கு அது சான்றன்று.

6. பெயர்ச்சொற்களின் எடை

வினைகளைப் போலவே பெயர்களும் தீர்ப்பைச் சுமக்கின்றன. கலாட்டா, ரகளை, அமளி, கைகலப்பு, கலவரம் என்பன ஒரே பொருளின் படிகள் அல்ல. கலாட்டா என்பதில் விளையாட்டுத்தன்மை உண்டு. கலவரம் என்பது காவல்துறை ஏட்டின் சொல். நினைவுரையில் மிக அரிது. ‘அன்று பெரிய கலாட்டா’ என்பதை ஆங்கிலத்தில் கலவரம் என்று பெயர்த்தால் சொன்னவரைக் குற்றவாளியாக்கிவிடுவோம். குறும்பு என்று பெயர்த்தால் அடிபட்டவரை இல்லாதவராக்கிவிடுவோம்.

‘ரௌடி’ என்ற சொல் இன்னும் இடர் தருவது. ஆங்கிலத்தில் இஃது ஆரவாரமும் கட்டுக்கடங்காமையும் உடைய எதனையும் குறிக்கும் பெயரடை. கூட்டத்துக்கும் விருந்துக்கும் ஆட்டத்துக்கும் அடையாக வரும். தமிழிலும் மலையாளத்திலும் அது மனிதரைக் குறிக்கும் பெயர். அடிதடியைத் தொழிலாகக் கொண்டவரைச் சுட்டுவது. காவல் நிலையத்தின் ரௌடிப் பட்டியல் அச்சொல்லுக்கு அலுவலகப் பொருளையும் தந்துள்ளது. கேரளத்தின் 2007ஆம் ஆண்டுச் சமூகவிரோதச் செயல் தடுப்புச் சட்டத்தில் ‘அறியப்பட்ட ரௌடி’, ‘அறியப்பட்ட குண்டர்’ என்பன வரையறை பெற்ற சட்டச் சொற்கள். தமிழ்நாட்டில் ‘குண்டர்’ என்ற சொல் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தோடு, விசாரணையின்றித் தடுப்புக்காவலில் வைக்கும் அதிகாரத்தோடு, பிரிக்கவொண்ணாதபடி இணைந்துவிட்டது. ஐரோப்பியக் கால்பந்தாட்டக் கலகக்காரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராகக் ‘குண்டர்’ என்று எழுதும்போது, மூலத்தில் இல்லாத தடுப்புக்காவல் நிழல் ஒன்று தமிழ் வாசகர் மனத்தில் படிகிறது. ‘கலகம் செய்யும் இரசிகர்’ என்று விரித்தெழுதுவது நீளமாயினும் நேர்மையானது.

‘கல்வீச்சு’, ‘தடியடி’ என்னும் இரண்டு தொழிற்பெயர்களும் செய்தி நடையில் இணைந்து வருபவை. ‘கல்வீச்சு நடந்தது, காவலர் தடியடி நடத்தினர்.’ கல்வீச்சுக்கு உரியவர் யார் என்பது சொல்லில் இல்லை; கூட்டம் என்பதே போதும். தடியடிக்கு உரியவர் காவலரே என்பது சொல்லிலேயே அடங்கியுள்ளது. இதனால் காவலரின் பொறுப்பு தெளிவாகிறது என்று கருதலாம். ஆனால் ‘நடத்து’ என்னும் வினை அடித்தலை ஒரு நிகழ்ச்சி நிரலாக, விழா நடத்துவது போன்ற ஒழுங்குடைய செயலாக ஆக்கிவிடுகிறது. ‘இலேசான தடியடி’ என்ற அடைமொழி அடித்தவரின் அளவுகோல்; பட்டவரின் அளவுகோல் அன்று. அடிபட்ட இரசிகர் தம் நினைவுரையில் ‘தடியடி நடத்தினார்கள்’ என்று சொல்வதில்லை. ‘அடித்தார்கள்’ என்றே சொல்கிறார். இவ்வேறுபாட்டைப் பெயர்ப்பில் காப்பது அரிதன்று; கவனித்தால் போதும்.

7. இரு சான்றுகள்: ஹெய்சலும் ஹில்ஸ்பரோவும்

இதுகாறும் கூறியவை வெறும் நடை நயம் அல்ல என்பதை இரு நிகழ்ச்சிகள் காட்டும்.

1985 மே 29 அன்று பிரசல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல், யுவெண்டஸ் அணிகளுக்கிடையே ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் தொடங்குமுன் 39 பேர் இறந்தனர், பெரும்பாலோர் இத்தாலியர். ‘சுவர் இடிந்து 39 பேர் இறந்தனர்’ என்று சுருங்கச் சொல்வது வழக்கம். சுவர் இடிந்தது உண்மை. அரங்கம் பழுதுற்றிருந்ததும் உண்மை. ஆனால் லிவர்பூல் இரசிகர் சிலர் எதிர்த்தரப்பினரை நோக்கிப் பாய்ந்ததனால் மக்கள் சுவரோரம் நெருக்கப்பட்டனர். பின்னர் 14 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. இங்கு ‘இடிந்தது’ என்னும் இயங்குவினை, செய்தவர்களை வாக்கியத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில், லிவர்பூல், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிகளின் அரையிறுதி ஆட்டத்தில், நெரிசலில் சிக்கியவர்களுள் 97 பேர் உயிரிழந்தனர். 97ஆவது மரணம் 2021இல் நிகழ்ந்தது. அன்று வெளியேறும் வாயிற்கதவு ஒன்று திறந்தது. அதன் வழியே வந்த கூட்டம், ஏற்கெனவே நிறைந்திருந்த அடைப்புக்குள் சென்று நசுங்கியது. அக்கதவைத் திறக்குமாறு ஆணையிட்டவர் ஆட்டத்தின் காவல் பொறுப்பு அதிகாரி. ஆனால் இரசிகர்கள் அதனை வலிந்து திறந்ததாக அவர் ஆட்ட அமைப்பினரிடம் கூறினார். அது பொய் என்பதை 2015இல் மரண விசாரணையின்போது ஒப்புக்கொண்டார். 2012இல் அறிக்கை தந்த தனிக்குழு, காவலர்களின் 164 வாக்குமூலங்கள் குறிப்பிடத்தக்க அளவு திருத்தப்பட்டதையும், அவற்றுள் 116இல் காவல் நடவடிக்கையைக் குறைகூறும் பகுதிகள் நீக்கப்பட்டதையோ மாற்றப்பட்டதையோ கண்டறிந்தது. 2016 ஏப்ரலில் நடுவர் குழு, இறந்தோர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும், இரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமன்று என்றும் முடிவு கூறியது.

இந்நிகழ்ச்சியைத் தமிழில் எழுத நான்கு வாக்கியங்கள் உள்ளன: ‘கதவு திறந்தது’, ‘கதவு திறக்கப்பட்டது’, ‘இரசிகர்கள் கதவைத் திறந்தார்கள்’, ‘காவலர்கள் கதவைத் திறந்தார்கள்’. முதல் வாக்கியம் எவரையும் சுட்டவில்லை. இரண்டாவது ஒருவர் உண்டு என்கிறது. மூன்றாவது, இறந்தோரின் குடும்பங்கள் 27 ஆண்டுகள் எதிர்த்துப் போராடிய பழி. நான்காவது உண்மை. ஹெய்சலில் செய்தவரை மறைத்த வாக்கியம் தவறு செய்தது. ஹில்ஸ்பரோவில் செய்யாதவரைச் செய்தவராக்கிய வாக்கியம் தவறு செய்தது. ஆகவே ‘எப்போதும் வினைமுதலைச் சொல்லுக’ என்ற விதியும் உதவாது. ‘எப்போதும் பொதுவாகச் சொல்லுக’ என்ற விதியும் உதவாது. எந்த வாக்கியத்துக்கு எச்சான்று உண்டு என்பதே அளவுகோல்.

நம் நாட்டுச் சான்று 1980 ஆகஸ்டு 16. கொல்கத்தா ஈடன் தோட்ட அரங்கில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது பார்வையாளரிடையே மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் இறந்தனர். அந்நாள் இரத்ததான நாளாக அந்நகரில் நினைவுகூரப்படுகிறது. களத்தில் நடந்ததை விரிவாகச் சொல்லும் நினைவுரைகள், மாடத்தில் நடந்ததைச் சொல்லும்போது ‘மூண்டது’, ‘பரவியது’ என்னும் நெருப்பின் வினைகளுக்கு மாறுகின்றன. தமிழிலும் கலவரம் மூள்கிறது, வெடிக்கிறது, பரவுகிறது, அடங்குகிறது. நெருப்புக்கு வினைமுதல் வேண்டுவதில்லை.

8. மொழிபெயர்ப்பாளர் கருத்திற் கொள்ள வேண்டியவை

மேற்கண்டவற்றினின்று சில நடைமுறை நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, மூலத்தில் இயங்குவினை இருப்பின் பெயர்ப்பிலும் இயங்குவினையே வேண்டும். செயப்பாட்டு வினை இருப்பின் செயப்பாட்டு வினையே வேண்டும். பின்னது தமிழில் செயற்கையாக ஒலிக்கும் என்று அஞ்சி ‘உடைந்தது’ என மாற்றுவது நடைத் திருத்தமன்று, சாட்சியத் திருத்தம்.

இரண்டாவதாக, மலையாளத்தினின்று பெயர்க்கும்போது விகுதியைச் சூழலிலிருந்து உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்ய இயலாதவிடத்து ‘உடைத்தது யார் என்று அவர் சொல்லவில்லை’ என அடிக்குறிப்பிடுவதோ, ‘உடைத்ததாக’, ‘உடைத்ததில்’ என எச்சவடிவால் எழுதுவதோ தகும். எச்சத்துக்கு விகுதி வேண்டாமையால் தமிழ் இதற்கு இடம் தருகிறது.

மூன்றாவதாக, ‘நாம்’, ‘நாங்கள்’ ஆகியவற்றை ஆங்கிலத்தில் தரும்போது, வேறுபாடு பொருளை மாற்றுமிடங்களிலேனும் விளக்கம் தர வேண்டும். ஆங்கிலத்தினின்று தமிழாக்கும்போது யாரிடம் சொல்லப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும்.

நான்காவதாக, ‘கைவிடு’ என்ற வினையின் இருமையைக் கருத வேண்டும். 2023 மார்ச்சு 3 அன்று பெங்களூரில் எதிரணி அடித்த கோலை ஏற்க மறுத்துக் கேரள பிளாஸ்டர்ஸ் அணி களத்தினின்று வெளியேறியது. மழையால் ‘ஆட்டம் கைவிடப்பட்டது’ என்பதும், ‘அணி ஆட்டத்தைக் கைவிட்டது’ என்பதும் ஒன்றல்ல. மேலும் ‘ஆட்டக்காரர் வெளியேறினர்’, ‘பயிற்சியாளர் அவர்களை வெளியேற்றினார்’ என்னும் இரண்டும் வேறு. ஒழுங்குக் குழு அணிக்கு 4 கோடி ரூபாய் தண்டமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் தனித்தனியே விதித்தபோது இவ்வேறுபாட்டையே பின்பற்றியது.

9. முடிவுரை

வலியசாலை இச்சிக்கலைப் பழங்காலத்திலும் கண்டது. காந்தளூர்ச் சாலை என்பது இவ்விடமே எனக் கருதுவோர் பலர். இங்குள்ள மகாதேவர் கோயிலும் காந்தளூர் என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. முதலாம் இராசராசனின் (985–1014) கல்வெட்டுகள் அவன் அச்சாலையில் கலம் அறுத்ததைப் புகழ்கின்றன. கலம் என்பது மரக்கலமா, உண்கலமா என்பது பற்றி ஆய்வாளரிடையே நீண்ட வாதம் நிகழ்ந்துள்ளது. அவ்வாதத்தில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் பங்கு கொண்டார். கப்பல்களை அழித்த படையெடுப்பா, ஊட்டுபுரையின் ஒழுங்கை மாற்றிய ஆணையா என்பது ஒரு பெயர்ச்சொல்லின் பொருளைப் பற்றி நிற்கிறது. அங்கு வினைமுதல் ஐயமின்றி உள்ளான்; அவனே அரசன். அவனுடன் சென்றோர் வினையில் இல்லை; அழிவுற்றோர் பெயரும் இல்லை. வென்றவனின் நினைவுரை அவ்வாறு அமைந்தது.

இரசிகரின் நினைவுரை இதன் மறுதலை. பொருள்கள் தெளிவாக உள்ளன: கல், கதவு, நாற்காலி, தடி. செய்தவர் மட்டும் தெளிவாக இல்லை. வேண்டுமென்றே மறைத்தார் என்று எப்போதும் கருதிவிட முடியாது. கூட்டத்துள் நின்றவர் தம் கை எது, கூட்டத்தின் கை எது என்று பிரித்தறியாமலும் இருந்திருக்கலாம். அந்தப் பிரிவின்மையை அப்படியே காத்துத் தருவதும், சான்று உள்ளவிடத்துச் செய்தவரைச் செய்தவராகவே எழுதுவதும் மொழிபெயர்ப்பாளரின் இரட்டைக் கடமை. இரண்டுக்கும் வேண்டிய கருவிகள் தமிழ் வினையிலேயே அமைந்துள்ளன. விகுதி ஒன்றைச் சேர்க்குமுன் அதற்குரிய ஆள் அங்கே இருந்தாரா என்று வினவிக்கொள்வது, மொழியியலார் மொழிபெயர்ப்பாளர்க்குத் தரக்கூடிய எளிய நெறியாகும்.